மீனவரின் மகன் என்று நான் எழுதினேன்

எங்கள் குடும்பத்தில் அச்சில் ஏறிய முதல் பெயர் என்னுடையது. எங்கள் கத்தோலிக்கக் கோயில் சிறப்பு மலரின் இரண்டாம் பக்கத்தில் "வாழ்க்கைக் குறிப்பும் தொகுப்பும்" என்ற வரிக்குக் கீழே அது இருக்கிறது. அந்தப் பெயருக்காக நான் ஒரு சொல்லை விட்டுக் கொடுத்தேன். அது என்னுடைய சொல்லாக இருந்திருந்தால் பரவாயில்லை. அப்பாவுடையது.

அப்பா கட்டாடி. எங்கள் பக்கத்தில் சலவைத் தொழில் செய்வோருக்கு அதுதான் பெயர். உடுப்பு வெளுப்பதோடு அந்தத் தொழில் முடியாது. சாவீட்டிலும் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கூரைக்குக் கீழே வெள்ளை கட்ட வேண்டும். பெரியவர்கள் வரும்போது அவர்களின் கால் மண்ணில் படாதபடி வழி நெடுக வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். அந்தத் துணிக்கு நிலபாவாடை என்று பெயர். இப்போது அப்பாவுக்குச் சந்தியில் ஒரு லாண்டரிக் கடை இருக்கிறது. ஆனாலும் திருநாள் வந்தால் கோயிலில் இருந்து ஆள் வருவது லாண்டரிக்காரரைத் தேடி அல்ல, கட்டாடியைத் தேடித்தான்.

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தேன். சித்தாண்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். அங்கே என்னைவிட வயது கூடியவர்களும் மரியாதையாக "சேர்" என்கிறார்கள். பின்னேரம் வாவியைத் தாண்டி ஊருக்குள் வந்தால் நான் கட்டாடியாரின் மகன்.

அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். கூடப் பிறந்தவர் அல்ல, பெரியம்மாவின் மகன். மட்டக்களப்பில் குடி என்ற வம்சப் பிரிவு தாய் வழியாக வருவது. அக்கா தங்கையின் பிள்ளைகள் என்றால் ஒரே குடி, ஒரே வயிறு. "ஒரே வயித்துவார்" என்று அப்பா சொல்லும்போது அதற்கு மேல் நெருக்கமான உறவு உலகத்தில் இல்லை என்பதுபோல் இருக்கும். அந்த அண்ணன் பன்னிரண்டு வயதில் குருமடத்துக்குப் போனார். சண்டைக் காலத்தில் படிப்பதற்கென்று ஒரு குளிர் நாட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வர வழி இல்லாமல் போக, அங்கேயே அகதிப் பத்திரம் எடுத்து, அங்கேயே குருப்பட்டமும் பெற்றார். பிற நாடுகளில் இருந்து வந்து குடியேறிய ஏழைகள் வாழும் கோயில் பங்குகளில் பல வருடங்கள் வேலை செய்தார். ஆயரானார். பிறகு ஒரு பெரிய நகரத்தின் பேராயர், எங்கள் ஊர் வாயில் ஆண்டகை. அகதிகளைத் திருப்பி அனுப்புவதற்கு எதிராக அந்த நாட்டு அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர் என்று வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் எழுதின. அவருடைய ஆயர் இலச்சினையில் அந்நியரை வரவேற்பது பற்றி ஓர் இலத்தீன் வாசகம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு தோணியும் வலையும்.

தோணியையும் வலையையும் முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை. வாவிக்கரையில் பிறந்தவர், போட்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

நாற்பது வருடங்களுக்குப் பிறகு அவர் ஊருக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. பங்குத் தந்தை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்கதான் எழுதவேணும். இங்கிலீசும் தமிழும் தெரிஞ்ச ஆள் நம்மட பங்கில வேற ஆர் இரிக்கா?" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனேன். அம்மாவுக்கு மட்டும் அதில் பெரிய சந்தோசம் இல்லை.

"இவ்வளவு காலத்தில ரெண்டு நத்தார் வாழ்த்து மட்டை போட்டவர். அண்ணனாம் அண்ணன்" என்றார்.

"அவருக்கு வேலை, புள்ள. ஒரு நாட்டுக்கே பேராயர்" என்றார் அப்பா.

"நாட்டுக்கில்ல அப்பா, ஒரு நகரத்துக்கு."

"அது பெரிய நகரம்தானே?"

குறிப்பு எழுதுவதற்காக அவருடைய பேட்டிகளைத் தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். ஒரு பேட்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு மீன்காரர் வேலிக்கு மேலால் எட்டி, "நம்மட ஆண்டகையா? என்ன சொல்றார்?" என்று கேட்டார். நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாடும் மீன்களைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டில் மட்டக்களப்பைப் பற்றிக் கதைக்கிற எல்லோரும் அதைச் சொல்வார்கள். பிறகு, "என் தந்தை ஏழை மீனவர். காலையில் வலைகளைப் புல்தரையில் விரித்து வெயிலில் காய வைப்பார். மாடுகள் வந்து மிதிக்காமல் பார்த்துக்கொள்வது சிறுவனான என்னுடைய வேலை" என்றார்.

மீன்காரர் சிரித்தார். "வலையப் புல்லில விரிக்கிறதா? எந்த மடையன் விரிப்பான்? நாங்க கம்பிலதானே தொங்கப் போடுவம்? மாடு வலைய மிதிச்சா மாட்டுக்குத்தான் கேடு, கால் சிக்கிச் செத்துப்போகும்."

நான் சிரிக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. புல்லில் விரிப்பது துணி. மாடு மிதித்துவிடும் என்று காவல் இருப்பது துணிக்கு. அந்தக் காவலை நானும் சின்ன வயதில் இருந்திருக்கிறேன், அப்பாவும் இருந்திருக்கிறார். பேராயர் எதையும் மறக்கவில்லை. புல்தரை, காலை வெயில், மாடு எல்லாம் அப்படியே இருந்தன. வெள்ளை கிடந்த இடத்தில் மட்டும் வலையைப் போட்டிருந்தார்.

மீன்காரரும் சற்று நேரத்தில் பிடித்துவிட்டார். சிரிப்பு அடங்கி, "ஓகோ" என்றார். பிறகு, "அப்ப எங்கட ஆளா மாறிட்டார். சந்தோசம். ஒரு வள்ளத்துக்குப் பங்கு குடுக்கச் சொல்லு" என்றார்.

"அப்பாட்டச் சொல்லாதீங்க."

"எனக்கென்னத்துக்கு? நீ சொல்லாம இரிப்பியா எண்டு பாரு."

ஒரு கிழமையில் பேராயரின் அலுவலகத்தில் இருந்து ஆங்கிலக் குறிப்பு வந்தது. முதல் வரியே, வாவிக்கரையில் ஓர் ஏழை மீனவரின் மகனாகப் பிறந்தார் என்பதுதான். நடுவில் இன்னொரு வரி இருந்தது. குடியேறி வந்த புதிதில், படிப்புச் செலவுக்காக, ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் இரண்டு குளிர்காலங்கள் வேலை செய்தாராம். நோயாளிகளின் விரிப்புகளைத் தன் கையால் துவைத்தவர் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் பல தடவை வாசித்தேன். அங்கே இரண்டு குளிர்காலம் துவைத்தால் தியாகம். இங்கே பரம்பரையாகத் துவைத்தால் மறைக்க வேண்டிய சங்கதி.

வரவேற்புக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற அதிபர். என்னைப் படிப்பித்தவர் அல்ல, என்றாலும் ஊரில் எல்லோரையும் படிப்பித்தவர் மாதிரித்தான் கதைப்பார்.

"மீனவர் எண்டு கிடக்கு சேர். அது பிழை."

"பிழை எண்டு ஆர் சொல்றது? அவரே அனுப்பின குறிப்பு."

"அவர் எங்கட அப்பாட அண்ணன் சேர். கட்டாடிட மகன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இந்த மேசையில இரிக்கிற எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சதெல்லாத்தையும் அச்சடிக்கிறதா?"

"சலவைத் தொழிலாளி எண்டு போடுவமே. அது குறைஞ்ச சொல் இல்லத்தானே?"

"ஆண்டவரும் முதல்ல மீன்பிடிகாரரைத்தான் கூப்பிட்டவர். நல்ல பொருத்தமா இரிக்கு, விடுங்க" என்றார் பங்குத் தந்தை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட மனிதர் அல்ல. கூட்டம் சண்டையாகாமல் முடிய வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "மலரில உன்ட பேர் வருது. படிச்ச பெடியன். அதோட உன்ட குடும்பத் தொழிலையும் சேர்த்து ஆக்கள் வாசிக்கவேணுமா? உன்ட நன்மைக்குத்தான் சொல்றன்."

எழுந்து வந்திருக்கலாம். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் அந்தக் கதிரையில் இருந்து, என் பெயரை எந்த அளவு எழுத்தில் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

நிலபாவாடை யார் விரிப்பது என்ற கேள்வியே கூட்டத்தில் எழவில்லை. "கட்டாடியாரிட்டச் சொல்லிவிடு தம்பி" என்றார்கள்.

அப்பாவிடம் அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அண்ணனின் வரவேற்பில் அவர் முன்வரிசைக் கதிரையில் இருக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அப்பா வேறு மாதிரி நினைத்தார்.

"நான் விரிக்காம ஆர் விரிக்கிறது? விரிக்கிறன். நீ பாரு, அவர் அதில கால் வைக்கமாட்டார்."

"ஏன்?"

"எங்கட ஆக்கள் விரிச்ச வெள்ளைய மிதிக்கிறதில்ல, மனே. விரிக்கிறவன் ஓரத்தாலதான் நடப்பான். என்ட அப்பா என்னையும் அண்ணனையும் ஒரே அடியா அடிச்சவர், ஒருநாள் விளையாட்டுக்கு ஏறி மிதிச்சதுக்கு. அவர் கரையால இறங்கி மண்ணில நடப்பார். அண்டைக்குச் சனத்துக்கு விளங்கும், அவர் ஆர் எண்டு."

அப்பா கதிரையைக் கேட்கவில்லை, மலரில் பெயரைக் கேட்கவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் துணியை விட்டு இறங்கி மண்ணில் நான்கு அடி வைப்பார் என்பதை மட்டும் நம்பினார்.

மலர் அச்சாகி வந்த அன்று நான் ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்குத் தன் கையெழுத்தை வைக்க மட்டும்தான் தெரியும். அயன் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "வாசி" என்றார்.

நான் வாசித்தேன். "மட்டக்களப்பு வாவிக்கரையில்..." என்று தொடங்கி, "ஓர் ஏழைச் சலவைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து" என்றேன். தாளில் மீனவர் என்று இருந்தது. என் வாய் சலவைத் தொழிலாளி என்றது. தடுமாறவும் இல்லை. வகுப்பில் வாசிக்கிற மாதிரித் தெளிவாக வாசித்தேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "மறுகா?" என்று கேட்டார். பிறகு என்ன என்று கேட்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

வைத்தியசாலையில் துவைத்ததை வாசித்தேன். அது தாளில் உள்ளபடியே.

"பாத்தியா! அங்க போயும் கை விடயில்ல." அப்பா கடைக்கு வெளியே போய், சந்தியில் நின்ற முச்சக்கரவண்டிக்காரரிடம், "இஞ்ச, மலரில போட்டிரிக்காங்க" என்று சொன்னார். நான் மலரைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

வரவேற்பு நாள் காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. வீதி வாசலில் இருந்து கோயில் முகப்பு வரை அப்பா வெள்ளை விரித்திருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. அவர் புதுச் சேர்ட் போட்டு, துணியின் தொடக்கத்தில், காற்றுக்குத் தூக்காமல் முனையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். பாடசாலைப் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியம் அடித்து ஓய்ந்தது. வாகனத்தில் இருந்து பேராயர் இறங்கினார். உயரமான, நரைத்த மனிதர். மூக்கும் காதும் அப்படியே அப்பா. மாலை போட்டார்கள். தலைவர் ஒலிவாங்கியில் என் கட்டுரையை வாசிக்கத் தொடங்கினார்.

"மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் ஏழை மீனவரின் மகனாகப் பிறந்து..."

அப்பா தலையை நிமிர்த்தினார். நான் நினைத்தேன், அண்ணனைப் பார்க்கப் போகிறார் என்று. இல்லை. கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தார்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பேராயர் வந்துவிட்டார். துணியின் முனையில் ஒரு கணம் நின்றார். குனிந்து பார்த்தார், துணியைப் பார்த்தாரோ அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாரோ தெரியாது. பிறகு கறுப்புச் சப்பாத்துக் காலை வெள்ளையில் வைத்து நடந்தார். நடுவால் நடந்தார். கோயில் மணி அடித்தது. அப்பா வழக்கம்போல ஓரத்தால், மண்ணில், அவருக்குப் பின்னால் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

பூசை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு பேராயர் எங்களைப் பங்குமனைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே வேறு யாரும் இல்லை. அவர் எழும்பி வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். தமிழ் திக்கித் திக்கி வந்தது. ஆனால் அது எங்கள் ஊர்த் தமிழ்தான், குருமடத்தின் தமிழ் அல்ல.

"நாம வெளுத்த துறையடி மருதமரம் நிக்குதா?"

"நிக்குது, ஆண்டகை."

"ஆண்டகை எண்டு சொல்லாதடா. அண்ணன் எண்டு சொல்லு."

"ஓம், ஆண்டகை."

பேராயர் அப்பாவின் கையை விடவில்லை. "வெள்ளையில ஏறக்குள்ள கால் கூசினது. விரிச்சது நீ எண்டு தெரியும். சனம் பாத்துக்கொண்டு நிண்டது."

எனக்குப் பொறுக்கவில்லை. "மீனவர் எண்டு ஏன் ஆண்டகை சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கட்டாடி எண்டா அங்க ஆருக்கும் விளங்காது, மகன்."

"வைத்தியசாலையில துவைச்சது விளங்கியிருக்கே."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைத்த பார்வை. கதிரையில் இருந்துவிட்டுச் சொன்னார்.

"வெள்ளைக்காரருக்கு நான் அந்தப் பொய்யச் சொல்லயில்ல. நம்மட ஆக்களுக்குத்தான் சொன்னது. நான் பட்டம் எடுத்த புதுசு. இஞ்ச இருந்து ஓடி வந்த சனம், ஒரு முப்பது குடும்பம், ஞாயிறில பூசைக்கு வருவாங்க. ஒரு அம்மா கேட்டா, சுவாமி மட்டக்களப்பில எந்தப் பக்கம், அப்பாக்கு என்ன தொழில் எண்டு. அவ ஏன் கேக்கிறா எண்டு எனக்குத் தெரியும். உண்மையச் சொன்னா அடுத்த கிழமை என்ட கையால நற்கருணை வாங்க எத்தின பேர் வருவாங்க எண்டு பயம் வந்திட்டு. மீன்பிடி எண்டன். மறுகா அதுவே எழுத்தாப் போச்சு. எழுத்துக்கு மேல எழுத்து. இலச்சினையிலயும் போட்டாங்க."

"இண்டைக்கு மறையுரையில சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். வெளியில் வாகனம் உறுமியது, நேரமாகிவிட்டது என்று ஓர் இளம் குருவானவர் கதவைத் தட்டினார். பேராயர் எழும்பினார். மேசையில் கிடந்த மலரை எடுத்துக் காட்டி, "நீதானே எழுதினது? நல்ல தமிழ். உன்னப் படிப்பிச்சது வீண் போகயில்ல" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார்.

அவரை வெறுக்கத்தான் நான் தயாராகப் போயிருந்தேன். முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. அந்நியரை வரவேற்கச் சொல்லி ஒரு நாட்டையே கேட்டவருக்கு, தன் சொந்தச் சனத்தின் முப்பது குடும்பங்களுக்கு முன்னால் வாய் திறக்கப் பயம். கடல் தாண்டிப் போன இடத்திலும் எங்கள் சனம் முதலில் அவிழ்த்த மூட்டை அந்தக் கேள்விதான். அந்தக் கசப்பை யார் மேல் துப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் அப்பாவும் நடந்தே வந்தோம். சுருட்டிய நிலபாவாடையை அவர் தோளில் வைத்திருந்தார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. வாவிக்கரையில் அவர் நடையைக் குறைத்தார்.

"அவர் பயத்தில சொன்னவர்" என்றார் அப்பா. "அவர்ர பயம் எனக்கு விளங்குது. நீ என்னத்துக்குடா எனக்கு மாத்தி வாசிச்ச?"

"உங்களுக்குக் கவலையா இரிக்கும் எண்டு..."

"எனக்கா, உனக்கா?"

நான் மறுபடியும் துணிச் சுருளுக்குக் கை நீட்டினேன். அவர் அதை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"நான் கடைச் சந்தியில நிண்டு எல்லாருக்கும் சொன்னன், மலரில போட்டிரிக்கு எண்டு. எழுத்துத் தெரிஞ்ச சனம் எல்லாம் வாசிச்சுப்போட்டுத்தானே கேட்டுக்கொண்டு நிண்டிருக்கும்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. என்னோடு கோபமும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இருக்கா என்று கேட்பார். பேராயரிடம் இருந்து அம்மாவின் பெயருக்கு ஒரு நத்தார் மட்டை வந்தது. அம்மா அதை அலுமாரியில் வைத்தார். மலர் எங்கள் வீட்டில் இல்லை. நான்தான் பாடசாலை நூலகத்தில் கொண்டுபோய்ப் போட்டேன், அங்கே யாரும் எடுத்து வாசிப்பதாகத் தெரியவில்லை.

போன கிழமை பிரதேச செயலகத்தில் இருந்து கடைக்கு ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமை. நான் வீட்டு முற்றத்தில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா கடிதத்தோடு படலையால் வந்து, என்னைக் கடந்து, வேலிப் பக்கம் போனார். மீன்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஒரு சொல்லில் நின்றார், திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார்.

"ஆறுதலா வாசி" என்றார் அப்பா. "கிடக்கிறதக் கிடக்கிறபடி வாசி."